கதவு எண் பதினேழு

ஜனவரி 9

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

மாஸ்டர் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய் என்று எழுதினால், "அங்கே உட்கார்ந்துகொண்டே அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று பதிலில் ஒரு குட்டு வைப்பாய். அதனால் கேட்டுவிடுகிறேன். எப்படி இருக்கிறாய்? நீ கண் டாக்டரிடம் போய் வந்ததாகப் பாப்பா போனில் சொன்னாள். ரிட்டயர் ஆன நாளிலிருந்து, நான்கு வருஷமாக, அந்த மாடி அறையை விட்டு இறங்காதவள் இறங்கினாய் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது. பெற்ற மகளிடம் சொன்னதில் பாதியையாவது கட்டிய புருஷனுக்கும் எழுது.

வழக்கம்போல் பன்னிரண்டு காலித் தீப்பெட்டி இத்துடன் வருகிறது. நசுங்காமல் இருக்க நடுவில் பழைய துண்டை மடித்து வைத்திருக்கிறேன். நீ இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு மாதம்கூட நான் பெட்டி அனுப்பத் தவறியதில்லை. புகழ வேண்டாம், எங்கேயாவது குறித்து வைத்துக்கொள், போதும்.

கேன்டீனில் புது மாஸ்டர் போடும் டீயைக் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, டீதான் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் போய்க் குறை சொல்லிவிட்டு வருகிறேன். அவனும் பாவம், தினமும் ஒரு டம்ளர் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்கிறான்.

கண்ணைப் பற்றி ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
மாஸ்டர்

*

ஜனவரி 20

மாஸ்டருக்கு,

பார்சல் வந்தது. கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினார், மேலே இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பெட்டி. அதில் ஒன்பது, ஒரு குச்சிகூட உரசாத பெட்டி. பக்கவாட்டில் மருந்து கீறல் இல்லாமல் பளபளக்கிறது. யாரிடம் விளையாடுகிறீர்கள்? கரண்ட் மீட்டரைத் திருகி வைத்தவர்களை எல்லாம் வாசற்படியில் நின்றே கண்டுபிடித்தவள் நான்.

காலிப் பெட்டி எதற்காகக் கேட்கிறேன் என்று உங்களுக்கு இத்தனை வருஷம் கழித்தும் புரியவில்லையா? நான் செய்வது வீடுகள். நான் மீட்டர் பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டின் முன் அறையும், ஒவ்வொரு தீப்பெட்டிக்குள். கட்டில், பெஞ்சு, காலண்டர், சுவரில் ஒழுகிய கறை, எல்லாம். இழுத்தால் அறை, மூடினால் வெறும் பெட்டி. அதில் நான் பார்க்காத ஒரு பொருளைக்கூட வைத்ததில்லை. அழகுக்காக ஒரு பூச்சட்டி வைத்ததில்லை. அப்படி இருக்கும்போது, யார் வீட்டு அடுப்பையும் பார்க்காத பெட்டியை நான் எப்படி வீடு என்று சொல்ல முடியும்? ஒன்பதையும் திருப்பி அனுப்புகிறேன். குச்சியை எல்லாம் உரசித் தீர்த்துவிட்டு அனுப்புங்கள்.

கண். ஒளிக்காமல் கேட்டீர்கள், ஒளிக்காமல் சொல்கிறேன். இடது கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண்ணுக்கு மூன்று வேளை மருந்து விடுகிறேன். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்மா. அதுக்கப்புறம் என்னால எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நான் அழவில்லை. திரும்பி வரும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். உங்கள் ஊரில் என் பட்டியலில் இருக்கும் கதவுகள் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு. முடித்தவை ஆயிரத்து நூற்று முப்பது. மீதி எண்பத்து நான்கு. மூன்று நாளைக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் செப்டம்பர் கடைசியில் முடியும். முடித்துவிடுவேன்.

இரக்கப்பட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து வாசலில் நிற்காதீர்கள். கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மீட்டரம்மா

*

பிப்ரவரி 2

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சமைக்கவில்லை. கண் விஷயத்தில் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் இரக்கம் என்பாய். மருந்தை மட்டும் நேரத்துக்கு விடு.

பெட்டி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது யார் வீட்டில் தீப்பெட்டி இருக்கிறது? எல்லோரும் லைட்டரைத் தட்டுகிறார்கள். கேன்டீனில் கரண்ட் பாய்லர் வந்துவிட்டது. தெருத் தெருவாகக் கேட்டு மாதம் மூன்று கிடைத்தால் பெரிது. அதனால் ஒரு வருஷமாக மீதியைக் கடையில் வாங்கி, குச்சியை ஒரு டின்னில் கொட்டிவிட்டு, பெட்டியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். நல்லதையும் கெட்டதையும் கலந்து அனுப்பும் கெட்டிக்காரத்தனம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

நீ சொன்னபடி உரசிவிட்டேன். ஒன்பது பெட்டி, பெட்டிக்கு நாற்பது குச்சி. வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரசுவது, எரிய விடுவது, ஊதுவது, தண்ணீர் வாளியில் போடுவது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எதிரே இஸ்திரி போடுகிறவர் வண்டியை விட்டு வந்து, "மாஸ்டர், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மெதுவாகக் கேட்டார். "வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்கப்பா, உரசித்தான் ஆகணும்" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கும் வீட்டுக்காரம்மா உண்டு. கரி மூட்டுகிற பெட்டி என்று நாலு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இதில் இருக்கிறது.

உரசும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. நாம் அதைப் பற்றி எழுதிக்கொள்வதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அன்று நல்ல மழை. கேன்டீன் விறகெல்லாம் நனைந்து புகைந்தது. உள் அறையில் ஒரு சாக்கு நிறையத் தீப்பெட்டி இருக்கிறதே, நானே கொண்டுவந்து கொடுத்த காலிப் பெட்டிதானே, எதற்கோ சேர்த்து வைத்திருக்கிறாய் என்று சாக்கோடு தூக்கிப்போய் பாய்லருக்கு அடியில் கொட்டினேன். அட்டையாயிற்றே, சட்டென்று பிடித்துக்கொண்டது. மழை நாளிலும் டீ சீக்கிரம் ஆகிவிட்டது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். முந்நூற்றுப் பதினொரு வீடு. ஒரே ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்திருந்தால் என் கை நின்றிருக்கும். ஒன்பது வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டிருந்தால்கூடப் போதும். கேட்கவில்லை. அதுதான் என் தப்பு, தீ இல்லை.

அன்புடன்,
மாஸ்டர்

*

பிப்ரவரி 13

மாஸ்டருக்கு,

பதின்மூன்று பெட்டியும் வந்தன. நன்றாக உரசியிருக்கிறீர்கள். இஸ்திரிக்காரரின் நாலு பெட்டியிலும் கரி வாசனை இருக்கிறது. அதில்தான் அவர் தெருவைச் செய்யப்போகிறேன்.

ஒரு வருஷமாகக் குச்சிகளை ஒரு டின்னில் கொட்டி வைத்தேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! அடுப்பு இருக்கும் வீட்டில், மூடி போட்ட டின்னில், ஆயிரக்கணக்கில் தீக்குச்சி! ஒரு தடவை எரித்தது போதாதா? இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு அந்த டின்னில் தண்ணீரை ஊற்றுங்கள்.

மற்றதைப் படித்தேன். அந்த முந்நூற்றுப் பதினொன்றையும் நான் முதல் மூன்று வருஷத்திலேயே திரும்பச் செய்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையைப் பொறுத்தவரை அது முடிந்த கதை. மற்றபடி முடிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த மாதம் இதுவரை நான்கு முடித்தேன். மீதி எழுபத்தைந்து.

இப்படிக்கு,
மீட்டரம்மா

*

ஏப்ரல் 11

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

ஒரு செய்தி, ஒரு ஒப்புதல். செய்தியை முதலில் சொல்கிறேன், ஒப்புதலுக்குத் தைரியம் வர வேண்டும்.

நேற்று வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். ஓவியம், சிற்பம் எல்லாம் வைக்கும் காட்சிக்கூடம் நடத்துகிறவராம். பாப்பா உன்னைப் பார்க்க வந்தபோது உனக்குத் தெரியாமல் பெட்டிகளைப் போனில் படம் எடுத்திருக்கிறாள். அதை யாரிடமோ காட்ட, அது கை மாறி இந்த அம்மாவிடம் போயிருக்கிறது. அவளைத் திட்டாதே, அவளுக்கு உன்னை நினைத்துப் பெருமை. அந்த அம்மா ஏற்கெனவே உன் அறைக்கு வந்து அரை மணி நேரம் கதவைத் தட்டினாராமே. நீ உள்ளிருந்து "மீட்டர் வெளியிலதான் இருக்கு, பார்த்துட்டுப் போங்க" என்று சொன்னாயாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

நல்ல மாதிரிதான். "எங்கேயும் படிக்காம, யாரையும் பார்க்காம, இருபது வருஷமா ஒரு ஊரையே செஞ்சு வச்சிருக்காங்க. இதை உலகம் பார்க்க வேண்டாமா?" என்றார். உன்னிடம் பேசி நான் சம்மதம் வாங்கித் தர வேண்டுமாம். நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, நான் அவளைக் கேக்காம ஒரு தடவை அந்தப் பெட்டியில கை வச்சேன். இன்னும் அந்தக் கை சூடு ஆறல. அவளே சொன்னாத்தான் உண்டு." அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். டீ நன்றாக இருக்கிறது என்றார். அதில் பொய் இருக்காது.

இப்போது ஒப்புதல். என்னிடம் உன் பெட்டி ஒன்று இருக்கிறது.

அன்றைக்குச் சாக்கைக் கொட்டியபோது ஒன்று உருண்டு விறகுக்கு வெளியே விழுந்துவிட்டது. வேலை முடிந்து பெருக்கும்போதுதான் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஓர் அறை. அப்போதுதான் நான் எதை எரித்தேன் என்று எனக்குத் தெரிந்தது. உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு மதியம் முழுக்க. உன்னிடம் அதை எப்படி நீட்டுவது? முந்நூற்றுப் பத்தை எரித்துவிட்டேன், இந்தா ஒன்று என்றா? மறைத்துவிட்டேன். மறைத்தது ஒரு நாளாகி, ஒரு மாதமாகி, பதினோரு வருஷமாகிவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் நாற்பது என்று கதவு எண் உன் எழுத்தில் இருக்கிறது. அந்த அம்மாவிடம்கூட நான் அதைக் காட்டவில்லை.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மாஸ்டர்

*

ஏப்ரல் 19

அனுப்புங்கள்.

மீட்டரம்மா

*

ஏப்ரல் 25

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

பஞ்சு சுற்றி, டீத்தூள் டின்னுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மூலை கொஞ்சம் கருகியிருக்கும். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறந்து பார்ப்பேன். இன்று வீட்டில் எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது.

மாஸ்டர்

*

மே 16

மாஸ்டருக்கு,

நாற்பதாம் எண் வந்து சேர்ந்தது. மூன்று வாரமாக உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. கோபம்தான், வேறென்ன? பதினோரு வருஷம் ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டு, மாதா மாதம் நல்ல பிள்ளை மாதிரி கடிதம் எழுதியிருக்கிறீர்கள்!

பிறகு அதை என் புது நாற்பதுக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டில் சரி. ஜன்னல் சரி. மூலையில் கட்டி வைத்த செய்தித்தாள் சரி. பழையதில் சுவரில் மாட்டிய கண்ணாடி, முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. புதியதில் நான் அதை நேராக மாட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். முகத்தில் தீக்காயம். நான் நுழையும்போதெல்லாம் உள்ளே போய்விடுவாள். கண்ணாடியைத் திருப்பி மாட்டியவள் அவள்தான். அதை நான் மறந்துவிட்டேன், மாஸ்டர்! எதை மறந்தாலும் அதை மறக்கலாமா? உட்கார்ந்து அழுதேன். கண்ணுக்காக அழாதவள் அந்தக் கண்ணாடிக்காக அழுதேன். இப்போது திருப்பி மாட்டிவிட்டேன். நீங்கள் திருடி வைத்தது எனக்கு உதவியது. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இது தகவல்.

காட்சிக்கூடத்து அம்மாவிடம் நீங்கள் சொன்னது சரி. அவர் மறுபடி வந்தால் இதையும் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் என்னை உள்ளே விட்டது மீட்டர் பார்க்க. வீட்டைப் பார்க்க இல்லை. இரண்டு நிமிஷம் நிற்பேன், எண்ணை எழுதுவேன், போய்விடுவேன். இருபத்து மூன்று வருஷத்தில் உட்காருங்கள் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் நின்ற நேரத்தில் பார்த்துவிட்டேன். யாருமே பார்க்காத மாதிரி மனிதர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு ஓர் அறையை அறையாக வைத்துக்கொள்கிறார்கள்! யாராவது அதைப் பார்த்ததாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, அதனால் செய்கிறேன். ஊரைக் கூட்டிக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

பாப்பாவைத் திட்டிவிட்டேன். பிறகு அவள் அழுதாள் என்று நானே கூப்பிட்டுப் பேசினேன்.

மீதி நாற்பத்தாறு. இப்போது பூதக்கண்ணாடியைத் தலையில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். தையல்காரர் பார்த்துவிட்டு, "சுரங்கத்துல வேலை பார்க்குறவங்க மாதிரி இருக்கீங்க" என்றார். பெட்டி அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மீட்டரம்மா

*

செப்டம்பர் 30

மாஸ்டருக்கு,

முடித்துவிட்டேன். ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. நேற்று மதியம் கடைசிப் பெட்டிக்குள் ஒரு மிதியடியை ஒட்டினேன். ஒட்டிவிட்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் பழக்கமில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. கதவு எண் பதினேழு. நம் வீடு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஆபீஸில் ஒரு விதி. கணக்கெடுக்கிறவர் தன் வீட்டு மீட்டரைத் தானே எடுக்கக் கூடாது. நம் வீட்டுக்கு வேறு ஒருவர் வருவார், ஒல்லியாக, குடையோடு. அவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் ஊரிலேயே நான் மீட்டர் பார்க்க நுழையாத ஒரே வீடு நம்முடையதுதான். இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தேன், ஒரு நாள்கூட வாசலில் நின்று இரண்டு நிமிஷம் அதைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் அடுப்பு தெரிகிறது, சண்டை தெரிகிறது, பாப்பாவின் காய்ச்சல் தெரிகிறது. முன் அறை தெரியவில்லை.

நீங்கள் பார்த்து எழுதுங்கள். வெளியே போய், கதவைச் சாத்தி, மீட்டர் பார்க்க வந்த ஆள் மாதிரி உள்ளே நுழையுங்கள். இரண்டு நிமிஷம் நில்லுங்கள். கண்ணில் பட்டதை எழுதுங்கள். வலது கண்ணிலும் ஓரம் மங்கத் தொடங்கிவிட்டது. சீக்கிரம்.

இப்படிக்கு,
மீட்டரம்மா

*

அக்டோபர் 7

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று! கடிதத்தை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடி, இருந்தவர்களுக்கெல்லாம் நானே டீ போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். என் சம்சாரம் ஒரு ஊரைக் கட்டி முடித்துவிட்டாள் என்றேன்.

நீ சொன்னபடியே வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நுழைந்தேன். என்னத்தை எழுதுவது? நுழைந்ததும் தெரிவது வெறுமைதான். நீ இல்லாத அறை ஓர் அறையா? சுவருக்கெல்லாம் காது முளைத்து உன் காலடிச் சத்தத்தைத் தேடுவது போல இருக்கிறது. ஜன்னல் வழியே வெயில் வருகிறது, ஆனால் அது பழைய வெயில் இல்லை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெருமூச்சு...

(இன்னும் இரண்டு பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன். இணைத்திருக்கிறேன்.)

அன்புடன்,
மாஸ்டர்

*

அக்டோபர் 13

மாஸ்டருக்கு,

பெருமூச்சை நான் எதில் செய்ய? அட்டையிலா, நூலிலா?

இந்த வயதில் உங்களுக்குக் கவிதை எதற்கு? மேஜை எந்தப் பக்கம்? எத்தனை கால்? சுவரில் என்ன நிறம், எங்கே உதிர்ந்திருக்கிறது? அதை எழுதுங்கள். டீ போடும்போது தூள் எவ்வளவு, பால் எவ்வளவு என்று பார்ப்பீர்களா, இல்லை பாய்லர் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவீர்களா?

அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கேயோ வைத்துவிட்டேன், தேட நேரமில்லை.

மீட்டரம்மா

*

அக்டோபர் 19

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

அளவு நாடா வைத்து எடுத்தது. அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து. கதவு பச்சை, கீழே ஒரு சாண் உயரத்துக்கு மழை அடித்து நிறம் போயிருக்கிறது. நுழைந்ததும் இடது சுவரில் மீட்டர். அதற்குக் கீழே ஆணியில் உன் டார்ச் லைட். பாட்டரி போடவில்லை. அதே சுவரில் தரைக்குப் பக்கத்தில் பாப்பா பென்சிலால் கிறுக்கிய யானை, இரண்டு தடவை வெள்ளையடித்தும் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். வலது பக்கம் ஜன்னல், இரண்டு கதவில் ஒன்று திறக்காது. ஜன்னலுக்குக் கீழே மேஜை. நாலு கால், ஒன்றுக்கு அடியில் மடித்த அட்டை. மேஜை மேல் ரேடியோ, மூக்குக் கண்ணாடிக் கூடு, பிஸ்கட் டின். டின்னில் உன் கடிதங்கள். (தீக்குச்சி டின் இல்லை, அதில் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.) தரை சிமெண்டு, நடுவில் ஒரு நீள விரிசல். கதவுக்குப் பின்னால் செருப்பு இரண்டு ஜோடி. ஒன்று என்னுடையது, மற்றது நீ விட்டுப் போன நீல வார் வைத்தது.

நாற்காலி ஒன்று, மரம், கை இல்லாதது, கதவைப் பார்த்தபடி. முன்பு எதிரெதிரே இரண்டு இருந்தது. நீ வீட்டை விட்டுப் போன மாதமே இன்னொன்றைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டேன். காலியாக எதிரே இருந்தால் சோறு இறங்கவில்லை. இது அளவு இல்லை, அடித்துவிடு.

மாஸ்டர்

*

அக்டோபர் 27

மாஸ்டருக்கு,

இப்போது எழுதியிருப்பது ரீடிங். இருபத்து மூன்று வருஷம் என் கீழே வேலை பார்த்திருந்தால் நல்ல ஆளாக வந்திருப்பீர்கள்.

உட்கார்ந்து செய்யத் தொடங்கினேன். கதவைச் செய்தேன், மேஜையைச் செய்தேன், யானைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் பார்த்ததை மட்டும்தான் செய்திருக்கிறேன். இது நீங்கள் பார்த்தது. நீங்கள் எவ்வளவு சரியாக எழுதினாலும் அது உங்கள் இரண்டு நிமிஷம், என்னுடையது இல்லை. கடைசிப் பெட்டியில் போய் விதியை மீற மாட்டேன்.

அதனால் நானே வருகிறேன். நவம்பர் ஆறு, வியாழக்கிழமை, காலை பத்து மணி. பாப்பா பஸ்ஸில் கூட வந்து தெருமுனையில் நிற்பாள். நான் மட்டும் வருவேன். மணியை இரண்டு தடவை அடிப்பேன். கதவைத் திறந்து ஓரமாக நில்லுங்கள். பேசக் கூடாது. நகரக் கூடாது. டீ கொடுக்கக் கூடாது. எனக்காக எதையும் ஒழுங்குபடுத்தி வைக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுவேன்.

இதை வருகை என்று நினைக்காதீர்கள். வேலை.

மீட்டரம்மா

*

நவம்பர் 29

மாஸ்டருக்கு,

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. பதினோரு வருஷமாக அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை இங்கிருந்து அங்கே. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து நாற்பது குச்சி உரசிய பெட்டிகளில் ஒன்று. மெதுவாக இழுங்கள்.

நான் நின்ற இரண்டு நிமிஷமும் நான் சொன்னபடியே நின்றீர்கள். தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்த வாசனை வந்தது. நகரக் கூடாது என்று நான் எழுதியதற்காக, அடுப்பை அணைக்கக்கூடப் போகாமல் அந்தச் சுவரோடு சுவராக நின்றீர்களே, பால் என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது. வேலை நேரம், கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பாப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். பாதி வழியில் அது அழுகையாகிவிட்டது. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

இந்த ஒரு பெட்டிக்கு மூன்று வாரம் ஆனது. பாதியைத் தடவித் தடவித்தான் செய்தேன். மற்றது சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். டார்ச் இருக்கிறது. யானை இருக்கிறது, தும்பிக்கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. மேஜைக் காலுக்கு அடியில் அட்டை இருக்கிறது. நீல வாருக்கு உங்கள் கடித உறையின் ஓரத்தை வெட்டினேன்.

காட்சிக்கூடத்து அம்மா மறுபடி வந்தால் இந்த ஒன்றைக் காட்டலாம். மற்றவை மற்றவர்களுடையவை. இது நம்முடையது, காட்ட நமக்கு உரிமை இருக்கிறது.

நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு செய்திருக்கிறேன். நான் வந்தபோது அறையில் ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், கண் அவ்வளவு மோசமில்லை. இதற்கு முன் செய்த ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று பெட்டிகளில் ஒன்றில்கூட இல்லாததை நான் வைத்ததில்லை. கடைசிப் பெட்டியில் ஒரு பொய்யை வைத்துவிட்டு என்னால் தூங்க முடியாது.

அதனால் கேன்டீனுக்குப் போய் அந்த நாற்காலியைத் திரும்ப வாங்கி வாருங்கள். அவர்கள் உடைத்துவிட்டிருந்தால் அதே மாதிரி, கை இல்லாதது, மரத்தில். பெட்டியில் வைத்திருக்கும் இடத்திலேயே போடுங்கள். என் மாடி அறையை டிசம்பரோடு காலி செய்வதாகக் கீழே தையல்காரரிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு வருவேன். மணி அடிக்க மாட்டேன், கதவைத் திறந்து வையுங்கள்.

இந்தத் தடவை பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரம்மா